மருத்துவப் பொருட்களைச் சோதிக்கக் கிழக்கில் ஓர் ஆய்வுமேசை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் கல்முனை வாசகர் ஒருவர் எழுதியிருந்ததை வாசித்தேன். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் நன்கொடையாக அனுப்பும் மருத்துவப் பொருட்களைத் துறைமுகத்தில் மறித்து வைக்கக்கூடாது, சீ.ஈ. என்ற ஐரோப்பிய முத்திரை குத்தியிருந்தால் அதற்கு மேல் எந்தச் சோதனையும் தேவையில்லை, உடனே விடுங்கள் என்பது அவருடைய கருத்து. அவருடைய அவசரம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் கையுறை இல்லை, கதீற்றர் இல்லை, சேலைன் குழாய் இல்லை என்று ஆஸ்பத்திரிகள் தவித்த நேரம் நானும் வேலையில் இருந்தவள். அப்போது வந்து இறங்கிய ஒவ்வொரு பெட்டியும் எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் முத்திரை இருந்தால் போதும் என்ற இடத்தில்தான் என்னால் அவரோடு உடன்பட முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இடம் தந்து உதவுங்கள்.

நான் ஆரையம்பதியைச் சேர்ந்தவள். மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகக் கிழக்கிலுள்ள ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சீனி, கொலஸ்ட்ரோல், ஈரல் நொதியம் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கும் முடிவுகளில் பெரும்பகுதி ஒளியை அளந்து எடுத்தவை. இரத்தத்தோடு ரீஏஜன்ட் என்ற சோதனை இரசாயனத்தைச் சேர்த்தால் நிறம் வரும். அந்த நிறத்துக்கூடாக ஒளியை விட்டு எவ்வளவு மறிபடுகிறது என்று பார்த்தால் அளவு தெரிந்துவிடும். கோவிட் காலத்தில் எல்லாருக்கும் பழக்கமான பீ.சீ.ஆர். இயந்திரமும் குழாய்க்குள் கூடிக்கொண்டு போகும் ஒளியைத்தான் அளக்கிறது. ஆகவே ஒளியை வைத்துச் சோதிப்பது இந்த மண்ணில் யாருக்கும் புதிய வித்தையில்லை. அதே ஒளியை வைத்து இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: உடம்புக்குள் வைக்கிற, தோலோடு ஒட்டிக் கிடக்கிற ஒரு பொருள் எங்கள் உடம்பின் கலங்களை (செல்களை) கொல்கிறதா, இல்லையா? இந்தக் கேள்வியை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ கொண்டுபோய்க் கேட்க எனக்குத் தெரிந்து இன்றைக்கு ஓர் இடமில்லை.

எனக்கு இது வெறும் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. என் தம்பி படுவான்கரையில் வயல் செய்கிறவன். யுத்த காலத்தில் மிதிவெடியில் அவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. பொய்க்காலோடு வரம்பில் நடக்கப் பழகி, உழவு, விதைப்பு, அறுவடை எல்லாம் பார்க்கிறான். அண்மையில் ஓர் உதவித் திட்டத்தில் அவனுக்குப் புதிய காலும், அதற்குள் போடும் லைனர் என்கிற மெத்தென்ற உறையும் கிடைத்தன. கால் நல்ல கால், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லைனர் போடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் அது தொடும் இடமெல்லாம் தோல் சிவந்து, அப்புறம் சிறு சிறு கொப்புளம் வந்தது. வெயிலும் வேர்வையும்தான் காரணமாயிருக்கும் என்று வைத்தியர் சொன்னார். மட்டக்களப்புச் சித்திரை வெயிலில் அது நியாயமான ஊகம்தான். கழற்றிவிட்டுப் பழைய காலைப் போட்டான், ஆறிவிட்டது. திரும்பப் புதியதைப் போட்டான், திரும்ப வந்தது. "அக்கா, வேர்வையெண்டா பழைய காலுக்கும் வந்திருக்கணுமே" என்றான். ஆய்வுகூடத்தில் வேலை செய்த எனக்குக்கூடத் தோன்றும் முதல் கேள்வி அது. வயலில் நிற்கிறவன் கேட்டுவிட்டான்.

அந்த லைனரில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு, இதை எங்கே சோதிக்கலாம் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். பொதியில் முத்திரை இருக்கிறதே என்பதுதான் எல்லா இடத்திலும் கிடைத்த பதில். லைனர்தான் குற்றவாளி என்று நான் சொல்லவரவில்லை. உராய்வாக இருக்கலாம், வேர்வையாக இருக்கலாம், கழுவிய சவர்க்காரமாகவும் இருக்கலாம். சரியா பிழையா என்று பார்க்க வழியே இல்லாமல் ஒரு மனிதன் தன் காலைக் கழற்றி மூலையில் வைத்திருக்கிறான் என்பதுதான் என் கவலை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் பொய்க்காலோடு வாழ்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சோதனை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மருத்துவச் சாதனங்கள் உடம்போடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 10993 என்ற சர்வதேச நியமத் தொகுதி இருக்கிறது. அதன் 5 ஆம் பகுதி கலங்களுக்கு நஞ்சா என்று பார்ப்பது. பொருளில் அளந்து ஒரு துண்டு வெட்டி, கலங்கள் வளரும் போசணைத் திரவத்தில் 37 பாகை சூட்டில் 24 மணித்தியாலம் வைக்கிறார்கள். தேயிலையை ஊறவைத்துச் சாயம் இறக்குவது போலத்தான். எவ்வளவு துண்டுக்கு எவ்வளவு திரவம் என்பதற்கும் கணக்கிருக்கிறது: அரை மில்லிமீற்றரை விட மெல்லிய பொருளானால் ஒரு மில்லிலீற்றருக்கு 6 சதுர சென்ரிமீற்றர், அதைவிடத் தடிப்பானால் பொதுவாக 3. திரவத்தில் சீரம் கலந்திருப்பதால் நீரில் கரைவதும் கொழுப்போடு சேர்வதும் ஓரளவுக்கு இரண்டும் இறங்கும். பிறகு அந்தச் சாற்றை, 96 குழிகள் உள்ள தட்டில் வளர்த்து வைத்திருக்கும் கலங்களுக்கு மேல் ஊற்றி இன்னொரு நாள் விடுவார்கள். பெரும்பாலும் எல்929 என்ற சுண்டெலிக் கலங்கள். 1940களில் எடுத்து இன்றுவரை தொடர்ந்து வளர்த்து வரும் ஒரு கல வழி, உலகம் முழுக்க இந்த வேலைக்கு இன்னும் அதுதான். அப்புறம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: எத்தனை கலம் உயிரோடிருக்கிறது?

நுணுக்குக்காட்டியில் கண்ணால் பார்த்து 0 இலிருந்து 4 வரை புள்ளி போடலாம். நியமம் அதையும் ஏற்கிறது. ஆனால் கண் ஆளுக்கு ஆள் வேறுபடும், அந்தி நேரத்தில் களைத்த கண் வேறொன்றைச் சொல்லும். அதனால்தான் எண் தரும் முறைகளுக்குப் போகிறார்கள். எண் தருவது ஒளி.

பழைய முறை எம்.ரி.ரி. என்பது. 1983 இல் மொஸ்மான் என்ற ஆய்வாளர் வெளியிட்டது. மஞ்சள் நிறமான ஓர் உப்பைக் கலங்களுக்குக் கொடுத்தால், உயிருள்ள கலத்திலுள்ள நொதியங்கள் அதை ஊதா நிறப் பளிங்குகளாக மாற்றும். செத்த கலத்தால் அது முடியாது. பளிங்கைக் கரைத்து 570 நனோமீற்றர் ஒளியை விட்டுப் பார்த்தால் ஊதா கூடிய குழி உயிர் கூடிய குழி. இரத்த வங்கிகளிலும் ஆய்வுகூடங்களிலும் எலைசா சோதனைக்கு வைத்திருக்கும் அதே வகைத் தட்டு ரீடர் போதும், அந்த அலைநீளத்துக்கு ஒரு ஒளிவடி மட்டும் வேண்டும்.

இன்னொரு முறையைப் பற்றி எழுதும்போது எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது. கண்டல் ஓரங்களில் இரவில் மின்னும் மின்மினியை எல்லாரும் பார்த்திருப்போம். அதன் வயிற்றில் லூசிபெரின் என்ற பொருளும் லூசிபெரேஸ் என்ற நொதியமும் இருக்கின்றன. இரண்டும் ஒட்சிசனோடு சேர்ந்து ஒளிவிட வேண்டுமானால் ஏ.ரி.பி. தேவை. ஏ.ரி.பி. என்பது உயிருள்ள ஒவ்வொரு கலமும் தன் வேலைக்குச் செலவழிக்கும் சக்தியைச் சுமக்கும் பொருள். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வில்லியம் மக்எல்ரோய், இந்த ஒளிக்கு ஏ.ரி.பி. தேவை என்பதை 1947 இல் கண்டுபிடித்தார். அவருக்கு ஆயிரக்கணக்கில் மின்மினி தேவைப்பட்டது. போல்ற்றிமோர் நகரத்துப் பிள்ளைகளிடம் நூறு பூச்சிக்கு இவ்வளவு சதம் என்று காசு கொடுத்து வாங்கினார். 1985 இல் அந்த நொதியத்தின் மரபணுவைப் பக்ரீரியாவுக்குள் வைத்து உற்பத்தி செய்யும் வழி வந்தது, பூச்சி பிடிக்கும் வேலை இல்லாமல் போனது.

ஒரு கலம் சாகும்போது அதிலுள்ள ஏ.ரி.பி. வெகு சீக்கிரம் கரைந்துபோய்விடும். ஆகவே சோதனைத் தட்டிலுள்ள கலங்களை உடைத்து, லூசிபெரினும் லூசிபெரேசும் கலந்த கரைசலை விட்டால், கடைசி நிமிடம்வரை உயிரோடிருந்த கலங்களின் ஏ.ரி.பி. மட்டும் மஞ்சள் கலந்த பச்சை ஒளியாக வெளிவரும். பத்து நிமிடம் பொறுத்து இருட்டுப் பெட்டிக்குள் அந்த ஒளியை எண்ணினால் முடிந்தது. வெளியிலிருந்து எந்த ஒளியையும் விடாததால் பின்னணியில் இரைச்சல் மிகக் குறைவு, ஒரு குழியில் சில பத்துக் கலங்கள் இருந்தாலே பிடித்துவிடும். பக்கத்துக் குழியின் ஒளி இதற்குள் கசியாமல் இருக்க வெள்ளை நிற ஒளிபுகாத் தட்டு பாவிப்பார்கள். இவற்றைவிட, உயிருள்ள கலத்தைப் பச்சையாகவும் செத்த கலத்தைச் சிவப்பாகவும் மின்னவைக்கும் சாயச் சோடியும் உண்டு. கல்செயின்-ஏ.எம். என்ற சாயம் உயிருள்ள கலத்துக்குள் போனால்தான் பச்சையாகும். சிவப்புச் சாயமோ மென்சவ்வு கிழிந்த கலத்துக்குள்தான் போகும். ஒரு துண்டு லைனரின் மேலேயே கலங்களை வளர்த்து, அதன் எந்த மூலையில் சாவு தொடங்குகிறது என்று நேரே பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தீர்ப்புக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். பொருளின் சாறு படாத கலங்களோடு ஒப்பிட்டால் உயிர்ப்பு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்தப் பொருளுக்குக் கலநச்சுத் தன்மை இருக்கக்கூடும் என்று கொள்ளவேண்டும். எல்லை மட்டும் போதாது, சோதனை ஒழுங்காக வேலை செய்ததா என்றும் காட்டவேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் ஒன்றும் செய்யாத பொலித்தீன் துண்டொன்றையும், கட்டாயம் கொல்லும் துண்டொன்றையும் சேர்த்து வைப்பார்கள். கொல்லும் துண்டுக்குப் பாவிப்பதில் ஒன்று, நாகம் சேர்ந்த டைதயோகார்பமேற் கலந்த பொலியூரிதேன். இங்கேதான் எங்கள் நாட்டு வாசகர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது: இறப்பர் பாலைக் கையுறையாகப் பதப்படுத்தும்போது வேகமாக இறுகச் செய்யச் சேர்க்கும் இரசாயனங்களில் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை உண்டு. நன்றாகக் கழுவி எடுத்த கையுறையில் அது மிகக் கொஞ்சமாக மிஞ்சும், கழுவல் பிசகினால் கூடுதலாக மிஞ்சும். இரண்டு கையுறையும் பார்வைக்கு ஒரே வெள்ளை, பெட்டியில் ஒரே பெயர்.

இதனால்தான் பொருளின் பெயரைக் கேட்டுத் திருப்திப்படக்கூடாது என்கிறேன். கண்ணுக்குள் வைக்கும் வில்லையின் கதையை எடுங்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் போர் விமானத்தின் பேர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி உடைந்து சில விமானிகளின் கண்ணுக்குள் சிதறல்கள் போயின. அவை ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்தும் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர், அதே பேர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக்கில் வில்லை செய்வித்து 1949 இல் லண்டனில் ஒரு நோயாளிக்கு வைத்தார். பிறகு 1992 இல் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்காரர் ஆரோலாப் என்ற தங்கள் தொழிற்சாலையில் அந்த வில்லையை மலிவாகச் செய்யத் தொடங்கியதால், ஏழைகளுக்கும் அது எட்டியது. கண்ணே பொறுத்துக்கொண்ட பிளாஸ்டிக். பொய்ப்பல் கட்டும் சிவப்பு அக்ரிலிக்கும் இரசாயனப்படி அதே வகைதான். ஆனால் சூடு காட்டாமல் மேசையிலேயே கலந்து இறுகவைத்த அக்ரிலிக்கில், இறுகாமல் மிஞ்சும் மூலக்கூறு கூடுதலாக இருக்கும். அது கலத்துக்கும் முரசுக்கும் எரிச்சல். அதனால்தான் புதிதாகக் கட்டிய பொய்ப்பல் செற்றை ஒரு நாள் தண்ணீரில் போட்டுவைத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. பொருள் ஒன்று, செய்த விதம் வேறு. வித்தியாசத்தைக் கலம் சொல்லும், பெயர்ச்சீட்டுச் சொல்லாது.

முத்திரை பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2010 இல் பிரான்சில் பிடிபட்ட பீ.ஐ.பி. என்ற நிறுவனத்தின் சிலிக்கன் மார்பகப் பை விவகாரத்தைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நிறுவனம் மருத்துவத் தரச் சிலிக்கனுக்குப் பதிலாக மலிவான கைத்தொழில் சிலிக்கனை நிரப்பி விற்றது. பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 30,000 பெண்களின் உடம்பில் அது போய்விட்டது. எல்லாப் பெட்டியிலும் ஐரோப்பிய முத்திரை இருந்தது. கல்முனை வாசகர் நம்பச் சொல்வது அதே முத்திரையைத்தான். முத்திரை, முதலில் காட்டிய மாதிரிக்கும் காட்டிய ஆவணத்துக்கும் கிடைப்பது. உங்கள் கையிலுள்ள தொகுதிக்கு என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

அதே விவகாரம் எனக்கும் ஒரு பாடம் சொல்கிறது, அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன். பிறகு அந்த ஜெல்லை ஆராய்ந்தபோது கலத்தைக் கொல்கிறதா என்ற சோதனையில் அது மாட்டவில்லை. எரிச்சலைப் பார்க்கும் வேறு சோதனையில்தான் மற்றச் சிலிக்கன்களில் இல்லாத குணத்தைக் காட்டியது. ஆகவே ஒளிரும் ஒரு தட்டை வைத்துக்கொண்டு இந்தப் பொருள் பாதுகாப்பானது என்று யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. தேறாத பொருளை வாசலிலேயே நிறுத்த அது உதவும். தேறிய பொருளுக்கு அடுத்த சோதனைகள் காத்திருக்கின்றன.

ஒளியே பொய் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. கறுப்பு நிற லைனரிலிருந்து கரி கசிந்தால் ரீடர் அதையும் நிறமாக எண்ணும். பச்சிலைச் சாறு பூசிய காயத்துணி, உயிர்ச்சத்து சீ கலந்த ஜெல் போன்றவை கலமே இல்லாமல் மஞ்சளை ஊதாவாக்கிவிடும், செத்த தட்டு உயிரோடிருப்பதாகத் தெரியும். சில இரசாயனங்கள் மின்மினி நொதியத்தையே முடக்கும், அப்போது நன்றாக இருக்கும் கலமும் செத்ததாகத் தெரியும். மருந்து இதுதான்: கலமில்லாத குழியில் சாற்றை மட்டும் விட்டு அளப்பது, ஏ.ரி.பி.யை அளந்து சேர்த்து ஒளி குறைகிறதா என்று பார்ப்பது, ஒரு முறையில் வந்த முடிவை வேறு அடிப்படையிலான இன்னொரு முறையால் உறுதிசெய்வது. இது நல்ல ஆய்வுகூடத்தில் தினமும் செய்கிற தரக்கட்டுப்பாடுதான். எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வரும்.

என் தம்பியின் தோலுக்குக் கேட்கவேண்டிய கேள்வி ஒவ்வாமையாகவும் இருக்கலாம். அதற்குக் கலம் சாகவேண்டியதே இல்லை. நாளாவட்டத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்த இரசாயனத்தை அடையாளம் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சண்டைக்கு வரும். இதற்கும் மின்மினியின் நொதியத்தை வைத்து ஒரு முறை செய்திருக்கிறார்கள், பெயர் கெரட்டினோசென்ஸ். மனிதத் தோல் கலத்துக்குள் லூசிபெரேஸ் மரபணுவை வைத்து, ஒவ்வாமை தூண்டும் இரசாயனம் வந்தால் கலம் தற்காப்புக்காக எழுப்பும் பாதையோடு அதை இணைத்துவிடுகிறார்கள். வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு ஒளி கூடினால் சந்தேகப்படவேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு 2015 இல் இதைத் தன் சோதனை வழிகாட்டிகளில் சேர்த்தது. தனி இரசாயனங்களுக்கென வகுத்த முறை இது, வேறு சோதனைகளோடு சேர்த்துத்தான் முடிவு எடுக்கவேண்டும். எரிச்சலுக்கும் அப்படியே: முன்பு முயலின் தோலை மழித்து ஒட்டிப் பார்த்தார்கள், 2021 இல் வந்த 10993 இன் 23 ஆம் பகுதி ஆய்வுகூடத்தில் வளர்த்த மனிதத் தோலை முதலிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. முயல்கள் தப்புவதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

இதெல்லாம் கொழும்பிலோ வெளிநாட்டிலோ செய்யட்டும், எங்களுக்கு எதற்கு என்று கேட்பார்கள். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைத்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் மருத்துவச் சாதனங்களையும் அதன் பொறுப்பில் விடுகிறது. அதை நான் மதிக்கிறேன், அதன் அதிகாரத்தைக் கிழக்குக்குப் பிரித்துத் தரச் சொல்லவில்லை. 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து விவகாரம் வெடித்த பிறகு, ஒரே ஒரு வாசலில் மட்டும் காவல் வைத்தால் போதாது என்பது நாட்டுக்கே தெரிந்துவிட்டது. பதிவு கொழும்பில் நடக்கட்டும். இங்கே ஒரு வார்டில் ஒரே தொகுதிக் கதீற்றர் பலருக்கு எரிச்சல் தந்தால், துண்டை வெட்டி ஒரு பையில் போட்டு அந்த வாரமே அனுப்ப இங்கேயே ஓர் இடம் இருக்கட்டும். முதல் நாள் ஊறவை, இரண்டாம் நாள் கலத்தில் விடு, மூன்றாம் நாள் அள. மூன்றாம் நாளே வார்டுக்குச் சொல்லலாம். உதயதேவி ரயிலில் பொதி ஏற்றி, கொழும்பில் வரிசையில் காத்திருந்து வரும் பதிலுக்குள் அந்தத் தொகுதி முழுதும் பாவித்து முடிந்துவிடும்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இந்த வேலையை எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். வெளிநாட்டு இதய வால்வு வாங்க வசதியில்லாத நோயாளிகளுக்காகத் தாங்களே வால்வு செய்யப் புறப்பட்டவர்கள், அதைச் சோதிக்க ஆய்வுகூடங்களையும் தாங்களே கட்டினார்கள். 1990 இன் கடைசியில் அந்த வால்வு முதல் நோயாளிக்குப் போனது. அவ்வளவு பெரிதாக நான் இங்கே கேட்கவில்லை. எங்களிடம் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி வளர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வந்தாறுமூலையில் விஞ்ஞான பீடமும், வைத்தியர்களையும் தாதியர்களையும் உருவாக்கும் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடமும் அதன்கீழ். அம்பாறைப் பக்கம் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். உயிரியலும் இரசாயனமும் படித்துவிட்டு வேலை தேடி அலையும் பட்டதாரிகள் ஊருக்கு ஊர்.

கல வளர்ப்புக்கு என்ன வேண்டும்? காற்றைச் சுத்தமாக வடித்துத் தரும் ஒரு கபினெற், காபனீரொட்சைட்டு விடும் ஓர் இன்கியுபேற்றர், தலைகீழ் நுணுக்குக்காட்டி, தட்டு ரீடர். மின்வெட்டுக்கு ஒரு ஜெனரேற்றர். கலங்களை உறையவைத்துச் சேமிக்கத் திரவ நைதரசன் வேண்டும், இங்கே எங்கே போவது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். மாடுகளுக்குச் செயற்கை முறைச் சினைப்படுத்தல் செய்கிற கால்நடை வைத்தியத் திணைக்களத்தார் விந்துக் குச்சிகளைத் திரவ நைதரசனில்தானே வைத்திருக்கிறார்கள்! பாற்பண்ணைக்காரர் நிறைந்த இந்தப் பக்கத்துக்கு அது வராமலா இருக்கிறது? லூசிபெரேஸ் ரீஏஜன்ட் விலை கூடியது, உறைகுளிரில் வரவேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆகவே ஊதா நிற முறையில் தொடங்கட்டும். கை பழகியபிறகு மின்மினிக்குப் போகட்டும். அதிகாரசபை ஏற்கும் தராதரம் வாங்க வருடங்கள் எடுக்கும், அதுவரை வரும் முடிவுகள் எச்சரிக்கைக்கு மட்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுக்கட்டும்.

ஆய்வுமேசை வரும்வரை செய்யக்கூடியதும் உண்டு. மாகாண சுகாதாரத் திணைக்களமும் ஆஸ்பத்திரிகளின் கொள்வனவுக் குழுக்களும், தோலில் ஒட்டுவது முதல் உடம்புக்குள் போவது வரை எல்லாப் பொருளுக்கும் கேள்விப்பத்திரத்தில் 10993 அறிக்கையின் முழுப் பிரதியைக் கேட்கவேண்டும். "தேறியது" என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் வேண்டாம். எந்தக் கலம், எந்த முறை, எத்தனை சதவீத உயிர்ப்பு, கொல்லும் துண்டு ஒழுங்காகக் கொன்றதா, சோதித்தது எந்தத் தொகுதி, எந்த ஆண்டு என்று அதில் இருக்கவேண்டும். கறுப்பு நிறப் பொருளுக்கு நிற முறையில் மட்டும் முடிவு தந்திருந்தால் திருப்பிக் கேட்கவேண்டும். வாசித்து விளங்க ஆளில்லை என்றால், ஓய்வுபெற்ற எங்களில் பலர் சும்மாதான் இருக்கிறோம், கூப்பிடுங்கள், வந்து வாசித்துத் தருகிறோம். ரீடரில் தட்டு வாசிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குவதற்கும் நான் தயார், சம்பளம் வேண்டாம்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒன்று. நீங்கள் பெட்டி அனுப்பும்போது உற்பத்தியாளரிடம் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி, ஒரு பிரதியைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். காலாவதித் திகதி நெருங்கிய பொருளையும், வெயிலில் களஞ்சியத்தில் கிடந்த பொருளையும் அனுப்பாதீர்கள், சூட்டில் கிடந்த பிளாஸ்டிக்கும் இறப்பரும் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததுபோல் இருப்பதில்லை. அந்த அறிக்கை கையிலிருந்தால் துறைமுகத்திலும் பதில் சொல்வது சுலபம். கல்முனை வாசகர் கேட்ட வேகமும் கிடைக்கும்.

பொய்க்கால், லைனர், மூட்டுப் பட்டி, கொலஸ்ரமிப் பை (வயிற்றில் ஒட்டும் மலப் பை), பொய்ப்பல் பாவிக்கிறவர்கள் பொதியின் பெயர்ச்சீட்டைக் கிழித்து எறியாதீர்கள். அதில் தொகுதி இலக்கம் இருக்கும். தோல் சிவந்தால், படமெடுத்து, எந்த நாள் போட்டது, எந்த நாள் வந்தது, கழற்றினபின் ஆறினதா என்று ஒரு கொப்பியில் எழுதி, சீட்டையும் பொருளின் ஒரு சிறு துண்டையும் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் போட்டு வெயில் படாமல் வைத்திருங்கள். கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியைக் காட்டிக் கோப்பில் குறிக்கச் சொல்லுங்கள். என் தம்பியின் லைனர்த் துண்டை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கிழக்கில் எந்தப் பீடம் முதலில் கல வளர்ப்பைத் தொடங்குகிறதோ, அங்கே அதைக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.